பெருவிரலுக்கு ஓர் இடம்

வாசகர் கேள்வி – பதில்
இந்த இதழில்: வாசிப்புக் கருவிகளும் பொருள் வடிவமைப்பும். பதில் சொல்பவர், மட்டக்களப்பின் கல்லடியில் வசிக்கும் வடிவமைப்பாளர் ஒருவர்.

“வடிவமைப்பாளர் என்று போட்டிருக்கிறீர்கள். நீங்கள் கலியாணக் கார்ட் அடிக்கிறவரா, வீடு கீறுகிறவரா?” — ஒரு வாசகர், செங்கலடி

வீடு கீறத் தெரியாது. கலியாணக் கார்ட் கேட்டால் செய்வேன், சோறு வேண்டுமே. ஆனால் என்னைப் பழக்கிய வேலை வாளி. கொழும்பில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வாளி, குடம், சவர்க்காரப் பெட்டி இவைகளை வரைந்துகொண்டிருந்தேன். வாளியின் கைப்பிடியில் இரண்டு மில்லிமீற்றரைக் குறைத்தால் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் மிச்சம். கிணற்றடியில் நிறைவாளி தூக்குகிறவருக்கு அந்த இரண்டு மில்லிமீற்றர் விரலை வெட்டும். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சண்டை பிடிப்பதுதான் பொருள் வடிவமைப்பு. அநேகமான சண்டைகளில் தோற்றேன். உங்கள் வீட்டு வாளி விரலை வெட்டினால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்த பிறகு புத்தகப் பக்கம் கட்டுகிறேன், அட்டை செய்கிறேன், இடைக்கிடை மரத்திலும் ஏதாவது செய்வேன். புத்தகத்தையும் வாளியைப் போலத்தான் பார்க்கிறேன்: எங்கே பிடிப்பார்கள், எவ்வளவு நேரம் பிடிப்பார்கள், எங்கே நோகும்.

“கிண்டில் திரையும் போன் திரையும் ஒன்றுதானே? பிறகு எதற்கு அந்த விலை?” — ஒரு வாசகர், காத்தான்குடி

ஒன்றில்லை. போன் திரை ஒளியைத் தானே உங்கள் கண்ணுக்குள் அனுப்புகிறது. கிண்டில் போன்ற வாசிப்புக் கருவிகளிலுள்ள மின்மைத் திரை கடதாசியைப் போல, வெளியிலிருந்து விழுகிற வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் கல்லடிக் கடற்கரையில் மத்தியான வெயிலுக்குள் போனை வைத்துக்கொண்டு நிழல் தேடுவீர்கள். இதில் வெயில் ஏற ஏற எழுத்துத் துலங்கும்.

உள்ளே நடப்பது அழகான விசயம். தலைமயிர்த் தடிப்பளவு பருமனுள்ள நுண்ணிய உறைகள் திரை முழுக்கப் பரவியிருக்கும். ஒவ்வொரு உறைக்குள்ளும் தெளிந்த திரவம். அதில் வெள்ளைத் துணுக்குகளும் கறுப்புத் துணுக்குகளும் மிதக்கும். வெள்ளைக்கு நேர் மின்னேற்றம், கறுப்புக்கு எதிர் மின்னேற்றம். கீழேயிருந்து மின்சாரத்தை மாற்றிக் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது அடியில் போகும். மேலே வந்தது அங்கேயே நிற்கும். அதை நிறுத்தி வைக்க மின்சாரம் தேவையில்லை. பக்கம் திருப்பும்போதுதான் செலவு. ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் நிற்பதன் இரகசியம் இதுதான்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுகூடத்தில் கிளம்பிய யோசனை இது. 1997இல் ஈ இங்க் என்ற நிறுவனமாக வெளியே வந்தது. 2004இல் சோனி ஜப்பானில் லிப்ரியே என்ற கருவியை விற்றது, பெரிதாக எடுபடவில்லை. 2007 நவம்பரில் அமேசான் கிண்டிலை 399 டொலருக்குப் போட்டது. ஐந்தரை மணித்தியாலத்தில் அத்தனையும் முடிந்துபோயிற்று.

பக்கம் திருப்பும்போது திரை ஒரு கணம் கறுத்து வெளுக்கிறதைப் பார்த்து, பழுது என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். பழுதில்லை. சிலேட்டை ஒழுங்காகத் துடைக்காவிட்டால் முந்தின கணக்கு மங்கலாகத் தெரியுமே, அதைத் துடைக்கிற வேலைதான் அது.

விலை பெறுமா என்றால், என்னிடம் ஒரே சாட்சிதான் இருக்கிறது. 2022 மார்ச். கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்த மாதம். அந்த மாத முடிவில் மின்வெட்டு பதின்மூன்று மணித்தியாலம் வரை போனது. போன் செத்துவிடும், மின்விசிறி நிற்கும், வியர்வை ஊற்றும். கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவந்து தந்த பழைய கருவியை அம்மா முன்வாசல் படியில் வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை வாசித்தா. அதற்குப் பிறகு அது எனக்குத் திரும்பி வரவேயில்லை.

“மகன் லண்டனிலிருந்து ஓர் ஆறு அங்குல வாசிப்புக் கருவி அனுப்பினான். அதில் போட்ட தமிழ்ப் பிடிஎஃப் எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரித் தெரிகிறது. கருவி பிழையா, என் கண் பிழையா?” — ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆரையம்பதி

இரண்டும் இல்லை சேர். கணக்குப் பாருங்கள். ஆறு அங்குலக் கருவி என்று எழுதியிருக்கிறீர்கள். அதன் திரை ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர் அகலம், 12 சென்ரிமீற்றர் உயரம். நம் புத்தகங்களில் கனக்க ஏ5 அளவு: 14.8க்கு 21. அந்த 21ஐ 12க்குள் அடக்கினால் எல்லாமே நூற்றுக்கு 57 ஆகச் சுருங்கிவிடும். 12 புள்ளி என்ற எழுத்தளவில் அச்சடித்த எழுத்து 7 புள்ளியாகிறது. ஏ4 தாள் என்றால் 5 புள்ளி. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற துண்டுக் கடதாசி அந்த அளவுதான்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கருவியின் அமைப்பில் பக்கத்தைக் குறுக்காகத் திருப்பச் சொல்லியிருப்பார்கள், அதைத் தட்டுங்கள். இப்போது 14.8 சென்ரிமீற்றர் அகலம் 12க்குள் வருகிறது. எழுத்து 10 புள்ளிக்கு ஏறும். ஒரு பக்கத்தை இரண்டு தரம் தள்ளி வாசிக்க வேண்டும், பரவாயில்லை. சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டிக் காட்டுகிற வசதி இருந்தால் அதையும் போடுங்கள்.

அடிப்படைக் கோளாறு வேறிடத்தில். பிடிஎஃப் என்பது சட்டிக்குள் உறைந்த தயிர். சட்டியின் வடிவம்தான் அதன் வடிவம். 1993இல் அது வந்ததே, எந்தக் கணினியில் திறந்தாலும் தாள் தாளாகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். மின்னூலுக்கென்றே உள்ள ஈபப் என்ற கோப்பு வடிவம் பால். எந்தப் பாத்திரத்தில் ஊற்றுகிறீர்களோ அந்த வடிவத்தை எடுக்கும். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடியும். நம்மிடம் இருப்பது பெரும்பாலும் தயிர். அதிலும் கனக்க, தயிரின் போட்டோ.

குறையாகச் சொல்லவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கான் பண்ணிப் போட்டிராவிட்டால், பல பெயர்கள்கூட மிஞ்சியிருக்காது. 1978 சூறாவளி, 2004 சுனாமி, நடுவில் யுத்தம். இந்த மாவட்டத்தில் எத்தனை அலுமாரி போனது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் காப்பாற்ற வேண்டும், வசதி பிறகு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் மாதிரித் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்கள் இருக்கின்றன. அவற்றைக் கருவியில் போட்டுப் பாருங்கள், உங்கள் கண் எவ்வளவு நல்ல கண் என்று தெரியும்.

“நான் பாமினியில் அடித்து வைத்த என் கவிதைகளை மின்னூலாக்கப் போனால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது.” — ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பாமினி என்ற பழைய எழுத்துரு ஒரு வேசம். ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிட்டது. நீங்கள் ‘அம்மா’ என்று அடித்தால் கணினி உள்ளே வைத்திருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். சட்டையைக் கழற்றினால் அதுதான் தெரியும். எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோட் முறையில் ‘அ’வுக்கு ‘அ’ என்றே ஓர் எண் இருக்கிறது. பாமினியை யுனிகோடாக்கும் மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தரம் முழுக்க வாசியுங்கள். மேற்கோள் குறிகளும் அடைப்புக்குறிகளும்தான் அதிகம் சிதறும். நம்மூர்க் கொமினிகேஷன் கடைகளில் இன்னும் பாமினிதான் அரசாளுகிறது, அடித்து வாங்கும்போதே யுனிகோடில் தரச் சொல்லுங்கள்.

“தமிழ் எழுத்து திரைக்கு ஒத்துவராத எழுத்து, அகலம் கூட, வளைவு கூட என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். உண்மையா?” — நெசவாளர் குடும்பத்து வாசகர், மருதமுனை

நெய்கிறவர் கேட்டதால் நீட்டிச் சொல்கிறேன், உங்களுக்கு விளங்கும். நூலுக்கேற்ற தறியா, தறிக்கேற்ற நூலா என்ற கேள்விதானே இது.

நம் எழுத்து எத்தனையோ தறி பார்த்துவிட்டது. ஓலையில் எழுதியவர்கள் புள்ளி குத்தமாட்டார்கள். குத்தினால் ஓலை பொத்துப்போகும். அதனால் ஏட்டில் ‘க’வா ‘க்’கா என்பதை வாசிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும். எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி இருந்தன. வீரமாமுனிவர் வந்து குறிலையும் நெடிலையும் பார்வைக்கே பிரித்துக் காட்டினார். 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே தம்பிரான் வணக்கம் அச்சானது. அங்கே ஈயம் தறி. தமிழ்நாட்டில் 1978இல் அரசாணை போட்டு ‘லை’, ‘ணை’, ‘றா’ போன்றவற்றை இப்போதுள்ள மாதிரிக்கு மாற்றினார்கள். அதற்கு முந்தின தும்பிக்கை ‘லை’யை என் அம்மா இன்னும் கடிதத்தில் எழுதுவா. எழுத்து ஒவ்வொரு தறிக்கும் கொஞ்சம் வளைந்து கொடுத்துத்தான் வந்திருக்கிறது. திரைக்கு மட்டும் ஒத்துவராது என்பது சோம்பேறிக் கதை.

முதல் கிண்டிலில் ஓர் அங்குலத்துக்கு 167 புள்ளி. அந்தத் திரையில் ‘ழு’வின் அடிச்சுழி குழம்பிப்போனால் அதிசயமில்லை. இப்போதைய கருவிகளில் 300 புள்ளி. லேசர் பிரிண்டர் அடித்த தாள் மாதிரியிருக்கும். ஆக அந்த வழக்கு முடிந்தது.

முடியாத வழக்குகள் இரண்டு. ஒன்று, வரி இடைவெளி. ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியை நமக்கும் வைத்தால் மேல்வரியின் ‘மூ’ வாலும் கீழ்வரியின் ‘கீ’ கொண்டையும் முட்டிக்கொள்ளும். நான் 11 புள்ளி எழுத்துக்குக் குறைந்தது 16 புள்ளி வரி வைக்கிறேன். அச்சகத்தில் ‘தாள் வீணாகுது’ என்பார்கள். கருவியில் தாள் எங்கே வீணாகிறது? அமைப்பில் வரி இடைவெளியை ஒரு படி கூட்டிவிட்டு வாசியுங்கள், வித்தியாசம் தெரியும்.

மற்றது வரி முறிப்பு. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்ற சொல்லை எடுங்கள். பதினாறு எழுத்து. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் சின்னத் திரையில் ஒரு வரியையே அது பிடித்துவிடும். இருபக்க ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று கருவி அடம்பிடிக்கிறது, சொல்லை உடைக்கவும் அதற்குத் தெரியாது. என்ன செய்யும்? மேல்வரியிலுள்ள இரண்டு சொல்லை இரண்டு ஓரத்துக்கும் இழுத்துக் கட்டிவிட்டு நடுவில் வாவி மாதிரி வெளி விடும். உங்கள் தறியில் பாவு நூல் அறுந்த இடம் மாதிரி.

பழைய அச்சுக்கோப்பவர்களுக்கு இது பிரச்சினையே இல்லை. ஈயக் காலத்துப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். வரி முடிகிற இடத்தில் சொல்லைப் பட்டென்று உடைத்திருப்பார்கள், சின்னக் கோடுகூடப் போடமாட்டார்கள். புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தலையில் வரக்கூடாது, அவ்வளவுதான் ஒழுங்கு. ‘வந்துகொண்’ இங்கே, ‘டிருந்தவர்களுக்கும்’ அங்கே. நாம் தடக்குப்படாமல் வாசித்தோம், ஏனென்றால் தமிழை எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிக்கப் பழகினோம். கோடு போட்டு உடைப்பது ஆங்கிலத்தின் ஏற்பாடு. நம் ஏற்பாட்டைக் கருவிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தமிழ் மின்னூல் செய்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: வலது ஓரத்தை நேராக்காதீர்கள். ஒழுங்கில்லாமல் இருக்கட்டும். ஓரம் குலைந்தால் கண்ணுக்குக் கேடில்லை.

“எந்தக் கருவி வாங்கலாம்?” — பலர்

வருடத்துக்கு ஒரு புத்தகம் வாசிப்பவர் வாங்க வேண்டாம். மாதம் இரண்டு வாசிப்பவர், வெளிநாட்டிலுள்ளவரைக் கேட்டு ஒன்று எடுப்பிக்கலாம், புதிதாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வாங்குமுன் ஒரு யுனிகோட் தமிழ் நூலை அதில் திறந்து ‘கொ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நிறத் திரை இப்போதைக்கு வேண்டாம்: கறுப்பு எழுத்தை 300 புள்ளியில் காட்டுகிற கெலைடோ 3 திரை நிறத்தை 150இல்தான் காட்டும், பின்னணியும் கொஞ்சம் மங்கல். தண்ணீர் புகாது என்று போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் நல்ல தண்ணீருக்குப் பார்த்த சோதனை. வாவித் தண்ணீரில் உப்பு இருக்கிறது, தோணியில் கவனம்.

“என் தம்பிக்குப் பார்வையில்லை. மின்னூல் வந்தால் அவனுக்கு வசதி என்றார்கள். ஆனால் வாங்கிய தமிழ்ப் பிடிஎஃப் எதுவும் வாய் திறக்கவில்லை.” — ஒரு வாசகி, கல்முனை

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத இரண்டு நாள் பிந்தினேன், ஏனென்றால் குற்றவாளிகளில் நானும் ஒருவன்.

தம்பியின் கருவியில் கோளாறில்லை. கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், அதோடு வருகிற குரலுக்குத் தமிழும் தெரியும், இயந்திரக் குரல்தான், பழகினால் வேகமாகக் கேட்கலாம். ஆன்ட்ரொய்ட் போனிலும் தமிழ்க் குரல் இருக்கிறது. ஆனால் குரல் வாசிக்க எழுத்து வேண்டும். ஸ்கான் பண்ணிய பக்கம் வெறும் படம். பாமினிப் பக்கம் என்றால் ‘எம், கே’ என்று உளறும். மூன்றாவது வகைதான் என் பாவம். அச்சகத்துக்கு அனுப்பும்போது எழுத்துரு குழம்பக்கூடாதென்று எல்லா எழுத்தையும் கோட்டுருவமாக மாற்றிவிடுவோம். தொழிலில் ‘கேர்வ்ஸ் ஆக்குவது’ என்போம். அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் ‘அ’ என்பது அ இல்லை, ‘அ’ மாதிரி வளைந்த ஒரு கோடு. அந்தக் கோப்பையே மின்னூல் என்று விற்கக் கொடுத்துவிடுகிறோம். பார்க்கிறவருக்கு நூறு வீதம் அழகு. உங்கள் தம்பிக்கு வெற்றுத் தாள்.

உங்கள் கடிதம் வந்த பிறகு என் பழைய பெட்டியைத் தேடிப் பதினொரு புத்தகத்துக்கு எழுத்துள்ள கோப்பு இருக்கிறதென்று கண்டேன். எழுதியவர்களிடம் ஒவ்வொருவராகச் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான்கு பேர் ஓம் என்றார்கள், அந்த நான்கையும் இந்த இதழின் ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன், உங்களுக்கு அனுப்புவார். ஸ்கான் பக்கங்களைப் போனிலுள்ள எழுத்துணரி மூலம் எழுத்தாக மாற்றலாம். ‘ர’வையும் துணைக்காலையும் அது மாறாட்டம் செய்யும், யாராவது ஒருவர் கூட இருந்து திருத்த வேண்டும்.

“என்னதான் சொன்னாலும் புத்தகத்தின் வாசம் வருமா?” — ஒரு வாசகர், வாழைச்சேனை

வராது. ஆனால் கடதாசி ஆலை ஊரிலிருந்து இந்தக் கேள்வியா? சின்ன வயதில் பள்ளிக்கூடத்தால் உங்கள் ஆலையைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். வைக்கோல் மலை மலையாகக் குவிந்திருந்தது. அதை அவித்துக் கூழாக்குகிற இடத்தில் நாங்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினோம். புத்தக வாசத்தின் தொடக்கம் அதுதான். எனக்கு வைக்கோலில் இருந்து கொப்பி வந்ததுதான் இன்னும் அதிசயம்.

“புதிய கருவிகளில் பட்டனே இல்லை. எல்லாம் தொடுகை. இது முன்னேற்றமா?” — ஒரு வாசகர், அக்கரைப்பற்று

எனக்குப் பிடித்த கேள்வி, கடைசியில் வந்திருக்கிறது.

ஏடு எழுதுகிறவர்கள் இடது பெருவிரல் நகத்தை வளர்த்து அதில் ஒரு வெட்டு வைப்பார்கள். எழுத்தாணி அந்த வெட்டில் ஊன்றி நிற்கும். பெருவிரல் அங்கே கருவியின் ஓர் உறுப்பு. அச்சுப் புத்தகத்தில் பெருவிரலுக்கு வெள்ளை ஓரம் இருக்கிறது. ஓரம் அழகுக்கு என்று நினைக்கிறார்கள், அது பிடிக்க. ஒரு முறை கோயில் மலர் ஒன்று கட்டினேன். வெளி ஓரம் 20 மில்லிமீற்றர் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் விரல் எழுத்தை மறைக்காதபடி பார்த்துப் பார்த்துச் செய்தேன். அச்சாகி வந்தபோது அந்த ஓரம் முழுக்க நகைக்கடை, அரிசி ஆலை வாழ்த்து விளம்பரம். ‘சும்மா கிடந்த இடம்தானே தம்பி’ என்றார் பொறுப்பாக நின்றவர். இப்போது அந்த மலரை எடுக்கிறவர் எல்லோரும் பெருவிரலை யாரோ ஒரு முதலாளியின் முகத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும்.

கருவி செய்தவர்களும் இந்த விரலோடு மல்லுக்கட்டித்தான் வந்திருக்கிறார்கள். முதல் கிண்டிலின் இரண்டு ஓரமும் பக்கம் திருப்புகிற நீளப் பட்டன். கையில் எடுத்தாலே பக்கம் திரும்பிவிடும், பிடிக்க இடமில்லை. சனம் ஏசினார்கள். 2011இல் கிண்டிலுக்குத் தொடுதிரை வந்தது. 2014இல் வந்த ஒரு மாதிரியில் ஓரத்தை மெல்ல அமுக்கினால் பக்கம் திரும்பும். 2016இல் ஒயாசிஸ் என்று ஒன்று செய்தார்கள், அதுதான் நான் கையில் எடுத்துப் பார்த்துப் பொறாமைப்பட்ட பொருள். 131 கிராம். ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெல்லிசு. மின்கலத்தைத் தடித்த பக்கத்தில் வைத்துவிட்டதால் பாரம் முழுக்க உள்ளங்கைக்குள் வந்து விழும். பெருவிரல் தானாகப் போய் உட்காருகிற இடத்தில் இரண்டு பட்டன். வரைந்தவர் தன் கையைப் பார்த்துக்கொண்டே வரைந்திருக்கிறார். 2024இல் அந்த வகையை நிறுத்திவிட்டார்கள். கோபோ என்ற வேறொரு நிறுவனத்தின் சில மாதிரிகளில் பட்டன் இன்னும் இருக்கிறது.

ஏன் இவ்வளவு சொல்கிறேனென்றால், அம்மா. அறுபது வருடமாக அவ பெருவிரலை நாக்கில் தொட்டுத்தான் பக்கம் புரட்டுவா. கருவியிலும் அப்படியே. ஈர விரல் பட்டால் தொடுதிரைக்கு மூளை குழம்பும்: ஒரு தரம் தொட்டால் மூன்று பக்கம் பாயும், மறு தரம் அசையாது, இன்னொரு தரம் அகராதி திறந்துகொள்ளும்.

‘மனே, இது என்னை விட்டுட்டு ஓடுது’ என்பா.

‘விரலைத் துடைச்சிட்டுத் தொடுங்கம்மா.’

‘ஓம், மறுகா துடைக்கிறன்’ என்பா. அடுத்த பக்கத்துக்கு விரல் நாக்குக்குப் போய்விடும்.

திரையைத் துடைக்க நான் ஒரு துணி வைத்தேன், அந்தத் துணியால் அவ மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறா. அறுபது வருடத்துக் கையைத் திருத்துவதைவிட ஒரு பட்டன் வைப்பது மலிவு. முன்னேற்றமா என்று கேட்டீர்கள். தொழிற்சாலைக்கு முன்னேற்றம், ஓட்டை ஒன்று குறைகிறது, தூசி போகாது, செலவும் குறைவு. அதே இரண்டு மில்லிமீற்றர் கதைதான்.

“பொருள் வடிவமைப்பு படிக்க ஆசை. வீட்டில் விளங்கவில்லை.” — ஒரு மாணவி, வந்தாறுமூலை

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புக்கு பட்டப்படிப்பு உண்டு, விபரத்தை எடுத்து வீட்டில் காட்டுங்கள். அதுவரைக்கும் ஒரு வேலை: கடையில் தயிர் முட்டியைத் தூக்கிப் பிடிக்கக் கட்டியிருக்கும் ஓலைப் பிடியை அவிழ்த்து, திரும்ப அதே மாதிரிக் கட்டிப் பாருங்கள். மூன்று தரம் பிழைக்கும். எந்த முடிச்சு எந்தப் பாரத்தைத் தாங்குகிறது என்று கீறி எனக்கு அனுப்புங்கள்.

“நீங்கள் செய்து, தோற்றுப்போன பொருள் ஏதும் உண்டா?” — ஒரு வாசகர், திருக்கோவில்

ஒரு வாசிகசாலைக்காக வேப்பமரத்தில் வாசிப்புத் தாங்கி செய்தேன். புத்தகமும் வைக்கலாம், கருவியும் வைக்கலாம், சாய்வை மூன்று படியில் மாற்றலாம். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் மரப்பூட்டு. கையே தேவையில்லை என்பதுதான் அதன் பெருமை. எட்டு செய்து கொடுத்தேன். படமெடுத்தார்கள், பாராட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். எட்டும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று. தினமும் வருகிற ஐயாமார் அத்தனை பேரும் முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்து, பத்திரிகையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாசிக்கிறார்கள். என் தாங்கிக்கு மேசை வேண்டும், மேசைக்கு முன்னால் நிமிர்ந்து இருக்க வேண்டும். அந்தக் கதிரையில் இருந்து அவர்கள் வாசிப்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தேன், அளவெடுக்கும்போது மட்டும் மேசையை அளந்திருக்கிறேன். ஒருவரிடம் ஏன் பாவிப்பதில்லை என்று கேட்டேன். ‘நல்ல சாமான் தம்பி’ என்றார், ‘ஆனா கையை எங்க வைக்கிற?’

ஒன்றைத் திருப்பி வாங்கி வந்தேன். அதில் இப்போது அம்மா பிள்ளையார் படம் வைத்திருக்கிறா. சாய்வு இரண்டாவது படியில்.